பட்டாசு வேதியியலில் எக்ஸ்-கதிர்ப் படிகவியல்

பட்டாசு வேதியியலில் எக்ஸ்-கதிர்ப் படிகவியல் என்பது, பட்டாசு மருந்திலும் அதன் மூலப்பொருட்களிலும் எரிந்தபின் எஞ்சும் சாம்பலிலும் உள்ள திண்மச் சேர்மங்கள் எவை என்பதை அவற்றின் படிக அமைப்பைக் கொண்டு கண்டறியும் ஆய்வு முறை ஆகும். தனிமப் பகுப்பாய்வு ஒரு கலவையில் பொட்டாசியம், குளோரின், பேரியம் போன்ற தனிமங்கள் உள்ளனவா என்பதை மட்டுமே கூறும். அத்தனிமங்கள் எந்தச் சேர்மமாக உள்ளன என்பதை எக்ஸ்-கதிர்ப் படிகவியல் கூறும். தமிழ்நாட்டின் விருதுநகர் மாவட்டத்தில் சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரங்களில் செறிந்துள்ள பட்டாசுத் தொழிலுக்கு இவ்வேறுபாடு முதன்மையானது. ஒரே தனிமங்களால் ஆன இரண்டு உப்புகளுள் ஒன்று கந்தகத்துடன் சேரும்போது சிறு உராய்விலேயே தீப்பற்றக்கூடும். மற்றொன்று அந்த அளவுக்கு உணர்திறன் கொண்டிராது. எனவே பொருளைச் சரியாக அடையாளம் காண்பது தொழிலாளரின் உயிருடன் தொடர்புடையதாகும்.

பின்னணி

1920-களின் தொடக்கத்தில் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டி செய்யும் தொழிலைக் கற்று வந்தனர். மழை குறைந்த, வறண்ட தட்பவெப்பம் தீக்குச்சிகளையும் மருந்தையும் உலர்த்துவதற்கு ஏற்றதாக இருந்தது. தீப்பெட்டியைத் தொடர்ந்து பட்டாசும் அச்சுத் தொழிலும் வளர்ந்தன. வெடிபொருள் விதிகள் 1940-ல் வந்தபின் பட்டாசு உற்பத்தி உரிமம் பெற்ற தொழிலாயிற்று. தற்போது வெடிபொருள் விதிகள் 2008 நடைமுறையில் உள்ளன. பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு இவ்விதிகளைச் செயற்படுத்துகிறது.

பட்டாசு மருந்து மூன்று வகைப் பொருட்களால் ஆனது. உயிர்வளி தரும் ஆக்சிசனேற்றி முதலாவது; எரிபொருள் இரண்டாவது; நிறமூட்டி, பசை முதலிய துணைப்பொருட்கள் மூன்றாவது. பழமையான கருமருந்தில் வெடியுப்பு எனப்படும் பொட்டாசியம் நைட்ரேட் ஏறத்தாழ 75 விழுக்காடும், கரித்தூள் 15 விழுக்காடும், கந்தகம் 10 விழுக்காடும் இருக்கும். ஒளிக்கும் ஓசைக்கும் அலுமினியப் பொடி சேர்க்கப்படுகிறது. சிவப்பு நிறத்திற்கு இசுட்ரான்சியம் உப்புகளும், பச்சை நிறத்திற்குப் பேரியம் உப்புகளும் உலகெங்கும் பயன்பட்டு வந்துள்ளன. பேரியம் நைட்ரேட் தொழிலாளர் வழக்கில் பச்சை உப்பு எனப்படுகிறது.

இப்பொருட்களுள் பல வெண்ணிறத் தூள்கள். வெடியுப்பு, பேரியம் நைட்ரேட், இசுட்ரான்சியம் நைட்ரேட், பொட்டாசியம் குளோரேட், பொட்டாசியம் பெர்குளோரேட் ஆகியவற்றைக் கண்ணால் பார்த்துப் பிரித்தறிய இயலாது. மூட்டையின் மேல் உள்ள பெயர்ச்சீட்டு மாறினால், கலவை அறையில் அதை உணர்த்தும் அடையாளம் ஏதும் இராது.

வரலாறு

வில்லெம் ரோண்ட்கன் 1895-ல் எக்ஸ்-கதிர்களைக் கண்டுபிடித்தார். 1912-ல் மியூனிக் நகரில் மாக்ஸ் வான் லாவே கூறிய கருத்தின்படி, பிரீட்ரிக், நிப்பிங் ஆகிய இருவரும் மயில்துத்தப் படிகம் ஒன்றின் வழியே எக்ஸ்-கதிர்களைச் செலுத்தி, ஒளிப்படத் தகட்டில் ஒழுங்கான புள்ளிகளைப் பெற்றனர். படிகத்தினுள் அணுக்கள் சீராக அடுக்கப்பட்டுள்ளன என்பதும், எக்ஸ்-கதிர்கள் அலைகளே என்பதும் இதனால் நிறுவப்பட்டன. லாவேக்கு 1914-ஆம் ஆண்டுக்கான இயற்பியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

லாரன்ஸ் பிராக் 1913-ல் சமையல் உப்பு, பொட்டாசியம் குளோரைடு முதலியவற்றின் அணு அடுக்கைத் தீர்மானித்தார். அவரும் அவர் தந்தை வில்லியம் பிராக்கும் 1915-ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். 1916-ல் டிபையும் செரரும் தனிப் படிகத்திற்குப் பதிலாகத் தூளையே பயன்படுத்தும் முறையை வெளியிட்டனர். 1929-ல் வில்லியம் சகரியாசன் பொட்டாசியம் குளோரேட்டின் படிக அமைப்பை வெளியிட்டார். 1938-ல் அமெரிக்காவில் ஆனவால்ட், ரின், பிரெவல் ஆகியோர் ஏறத்தாழ 1000 சேர்மங்களின் தூள் கோடுகளைத் தொகுத்து, அறியாத பொருளை அவற்றோடு ஒப்பிட்டு அடையாளம் காணும் முறையை வகுத்தனர். 1941-ல் இது அட்டைத் தொகுப்பாக வெளிவரத் தொடங்கியது. இன்று இலட்சக்கணக்கான பதிவுகளைக் கொண்ட கணினித் தரவுத்தளமாக அது வளர்ந்துள்ளது.

விருதுநகர் மாவட்டத்தின் தொடர்பு

படிக ஆய்வின் வரலாற்றில் இம்மாவட்டத்துக்கும் ஓர் இடம் உண்டு. இயற்பியலாளர் கே. எஸ். கிருஷ்ணன் 1898 திசம்பர் 4 அன்று வத்திராயிருப்பில் பிறந்தவர். சி. வி. இராமனுடன் இணைந்து 1928-ல் இராமன் விளைவைக் கண்டறிந்த பின், டாக்கா பல்கலைக்கழகத்தில் படிகங்களின் காந்தப் பண்புகளை ஆராய்ந்தார். பென்சீன் வளையம் கொண்ட மூலக்கூறுகளின் காந்த ஏற்புத்திறன் வளையத்தின் தளத்திலும் அதற்குச் செங்குத்தான திசையிலும் வெவ்வேறு அளவில் இருக்கும். எனவே படிகத்தின் பல திசைகளில் அதை அளந்தால், மூலக்கூறுகள் எத்திசையில் சாய்ந்துள்ளன என்பதைக் கணக்கிடலாம். கணினி இல்லாத அக்காலத்தில், எக்ஸ்-கதிர் ஆய்வாளருக்கு இத்தகவல் ஒரு நல்ல தொடக்கப்புள்ளியாக அமைந்தது. ஆங்கிலேயப் படிகவியலாளர் கேத்லீன் லான்ஸ்டேலும் கிருஷ்ணனும் இப்பொருள் குறித்து 1936-ல் இலண்டன் அரச கழகத்தின் ஆய்விதழில் இணைந்து கட்டுரை வெளியிட்டனர். கிருஷ்ணன் பின்னர் தில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநரானார். அவர் 1961-ல் காலமானார்.

கோட்பாடு

படிகத்தில் அணுக்கள் இணையான தளங்களாக அடுக்கப்பட்டுள்ளன. அத்தளங்களுக்கு இடையேயுள்ள தொலைவு சில ஆங்ஸ்ட்ராம் அளவினது (1 ஆங்ஸ்ட்ராம் = ஒரு மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு). எக்ஸ்-கதிரின் அலைநீளமும் இதே அளவினது. அடுத்தடுத்த தளங்களில் எதிரொளிக்கும் கதிர்களின் பாதை வேறுபாடு அலைநீளத்தின் முழு மடங்காக இருக்கும்போது அவை ஒன்றையொன்று வலுப்படுத்தும். இதுவே பிராக் விதி.

முழு எண் × அலைநீளம் = 2 × தள இடைவெளி × சைன் (கோணம்)

எடுத்துக்காட்டாக, பேரியம் நைட்ரேட் கனசதுரப் படிகம். அதன் அலகுக் கூட்டின் பக்கம் 8.12 ஆங்ஸ்ட்ராம், அதில் ஒரு தளத் தொகுதியின் இடைவெளி 4.69 ஆங்ஸ்ட்ராம். செப்பு எக்ஸ்-கதிரின் அலைநீளம் 1.54 ஆங்ஸ்ட்ராம். இவற்றை விதியில் இட்டால் கோணத்தின் சைன் 0.164 எனவும், கோணம் 9.45° எனவும் கிடைக்கும். கருவியில் இரட்டைக் கோணமே அளக்கப்படுவதால் கோடு 18.9°-ல் தோன்றும்.

இசுட்ரான்சியம் நைட்ரேட்டும் இதே அமைப்பு உடையது. ஆனால் இசுட்ரான்சியம் அயனி சிறியது என்பதால் கூட்டின் பக்கம் 7.78 ஆங்ஸ்ட்ராமாகக் குறைகிறது. அதே கோடு 19.7°-க்கு நகர்கிறது. இந்த 0.8° வேறுபாட்டைக் கருவி எளிதில் பிரித்துக் காட்டும். ஒவ்வொரு படிகச் சேர்மத்துக்கும் கோடுகளின் இடங்களும் செறிவுகளும் இவ்வாறு தனித்து அமைவதால், அவை அச்சேர்மத்தின் கைரேகை போலப் பயன்படுகின்றன.

கருவி

ஆய்வகங்களில் டிப்ராக்டோமீட்டர் என்று வழங்கும் விளிம்பு விளைவுமானியில் பின்வரும் பகுதிகள் உள்ளன.

* எக்ஸ்-கதிர்க் குழாய்: வெற்றிடக் குழாயில் எதிர்மின்னிகள் செப்பு இலக்கின் மீது மோதும்போது எக்ஸ்-கதிர்கள் தோன்றும். தூள் ஆய்வில் 40 கிலோவோல்ட், 40 மில்லிஆம்பியர் அளவில் இயக்குவது வழக்கம். செலுத்தப்படும் ஆற்றலில் 1 விழுக்காட்டுக்கும் குறைவானதே எக்ஸ்-கதிராகிறது. எஞ்சியது வெப்பமாவதால் குழாய் நீரால் குளிர்விக்கப்படுகிறது.
* வடிப்பான்: செப்பு இலக்கிலிருந்து வரும் தேவையற்ற அலைநீளத்தை நிக்கல் தகடு உறிஞ்சிக்கொள்ளும்.
* கோணமானி: மாதிரியையும் உணர்கருவியையும் நுட்பமான கோண அளவில் நகர்த்தும்.
* உணர்கருவி: ஒவ்வொரு கோணத்திலும் வரும் கதிரின் செறிவை எண்ணும்.
* கணினி: செறிவைக் கோணத்திற்கு எதிராக வரைந்து, தரவுத்தளத்துடன் ஒப்பிடும்.

கருவி முழுவதும் கதிர்த் தடுப்பு உறையினுள் இருக்கும். கதவு திறந்தால் கதிர் தானே அடைபடும் பூட்டு அமைப்பு கட்டாயமானது. இந்தியாவில் இத்தகைய கருவிகள் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் கட்டுப்பாட்டில் வருகின்றன.

ஆய்வு முறைகள்

ஒற்றைப் படிக முறை

புதிதாகத் தொகுக்கப்பட்ட சேர்மம் ஒன்றின் அணு அமைப்பை முழுமையாக அறிய இம்முறை பயன்படுகிறது. ஏறத்தாழ 0.1 முதல் 0.3 மில்லிமீட்டர் அளவுள்ள குறையற்ற படிகம் ஒன்று தேவை. படிகத்தைச் சுழற்றி ஆயிரக்கணக்கான எதிரொளிப்புகளின் செறிவை அளந்து, அதிலிருந்து எதிர்மின்னி அடர்த்தியைக் கணக்கிடுவர். பிணைப்பு நீளங்களும் கோணங்களும் இதனால் கிடைக்கும். கல்லூரி வேதியியல் துறைகளில் உலோக அணைவுச் சேர்மங்களை ஆராய்வோர் பெரும்பாலும் இம்முறையையே நாடுகின்றனர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். இராமச்சந்திரன் 1952 முதல் வளர்த்த படிகவியல் துறை இத்துறையில் உலக அளவில் பெயர் பெற்றது. அவரும் கோபிநாத் கர்த்தாவும் 1954-ல் கொலாசன் புரதத்துக்கு முச்சுருள் அமைப்பை முன்வைத்தனர்.

தூள் முறை

பட்டாசு மருந்து பல சேர்மங்களின் கலவை என்பதால் தூள் முறையே இங்கு ஏற்றது. தூளில் நுண்படிகங்கள் எல்லாத் திசைகளிலும் கிடக்கும். எனவே ஒவ்வொரு தளத் தொகுதிக்கும் உரிய கோணத்தில் ஏதேனும் சில படிகங்கள் எதிரொளிக்கும். கலவையின் படம், அதிலுள்ள ஒவ்வொரு பொருளின் படங்களும் ஒன்றன்மேல் ஒன்று படிந்ததாக அமையும். 1960-களின் இறுதியில் இயூகோ ரீட்வெல்ட் வகுத்த கணக்கீட்டு முறையால் ஒவ்வொரு பொருளின் அளவையும் மதிப்பிடலாம்.

முதன்மைப் பொருட்களும் கோடுகளும்

செப்புக் கதிரில் சில பொருட்களின் வலிமையான கோடுகள் தோன்றும் இடங்கள் (இரட்டைக் கோணம், தோராயமாக):

* பேரியம் நைட்ரேட் (கனசதுரம்): 18.9°
* இசுட்ரான்சியம் நைட்ரேட் (கனசதுரம்): 19.7°
* கந்தகம் (செஞ்சாய்சதுரம்): 23.1°
* பொட்டாசியம் நைட்ரேட் (செஞ்சாய்சதுரம்): 23.5°
* பேரியம் சல்பேட் (செஞ்சாய்சதுரம்): 25.9°, 28.8°
* பொட்டாசியம் குளோரைடு (கனசதுரம்): 28.3°
* அலுமினியம் (கனசதுரம்): 38.5°

கந்தகமும் வெடியுப்பும் அடுத்தடுத்துக் கோடு தருவதால், ஒரே ஒரு கோட்டைக் கொண்டு முடிவு செய்தல் கூடாது. ஒரு பொருளுக்குக் குறைந்தது மூன்று வலிய கோடுகளேனும் பொருந்த வேண்டும் என்பது வழக்கம். பேரியம் நைட்ரேட்டின் அமைப்பையே கொண்ட காரீய நைட்ரேட்டின் கோடு 19.6°-ல் வரும். இது இசுட்ரான்சியம் நைட்ரேட்டின் கோட்டுக்கு மிக அருகில் உள்ளதால், எக்ஸ்-கதிர் ஒளிர்தல் போன்ற தனிமப் பகுப்பாய்வும் உடன் தேவைப்படும். இரு முறைகளும் ஒன்றையொன்று நிறைவு செய்வன.

குளோரேட்டும் பெர்குளோரேட்டும்

பொட்டாசியம் குளோரேட், பொட்டாசியம் பெர்குளோரேட், பொட்டாசியம் குளோரைடு ஆகிய மூன்றிலும் பொட்டாசியமும் குளோரினும் உள்ளன. தனிமப் பகுப்பாய்வில் இவை ஒன்றுபோலத் தோன்றக்கூடும். ஆனால் குளோரேட் கந்தகத்துடன் கலக்கும்போது உராய்வுக்கும் அடிக்கும் மிகுந்த உணர்திறன் பெறுகிறது. கந்தகத்தில் சிறிதளவு அமிலம் இருந்தாலும் கலவை தானே தீப்பற்றக்கூடும். பெர்குளோரேட்டும் ஆபத்தற்றதன்று, எனினும் கந்தகத்துடன் அதன் கலவை குளோரேட் கலவையைவிட நிலையானது. குளோரைடோ ஆக்சிசனேற்றியே அன்று.

இதன் காரணமாகக் குளோரேட்டும் கந்தகமும் கலந்த வெடிபொருட்களை உற்பத்தி செய்தல், வைத்திருத்தல், இறக்குமதி செய்தல் ஆகியவற்றை இந்திய அரசு 1992 சனவரி 27 நாளிட்ட அறிவிக்கையால் தடை செய்தது. தீக்குச்சித் தலைகளுக்கும், பொம்மைத் துப்பாக்கியின் காகிதக் கேப்புகளுக்கும், அறிவியல் ஆய்வுக்கான சிறு அளவுகளுக்கும் விலக்கு உண்டு. தீப்பெட்டித் தொழிலும் பட்டாசுத் தொழிலும் அருகருகே நடக்கும் சிவகாசி வட்டாரத்தில், முன்னதற்கு அனுமதிக்கப்பட்ட மூலப்பொருள் பின்னதற்குள் நுழையாமல் காப்பது அவசியமாகிறது.

படிக அமைப்பில் இம்மூன்றும் தெளிவாக வேறுபடுகின்றன. குளோரேட் ஒற்றைச்சரிவுத் தொகுதியையும், பெர்குளோரேட் செஞ்சாய்சதுரத் தொகுதியையும், குளோரைடு கனசதுரத் தொகுதியையும் சேர்ந்தவை. குளோரைடின் படம் மிக எளியது. பொட்டாசியம் அயனியிலும் குளோரைடு அயனியிலும் தலா 18 எதிர்மின்னிகள் இருப்பதால் எக்ஸ்-கதிருக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும். சமையல் உப்பில் காணப்படும் சில கோடுகள் இதில் மறைந்துவிடும்.

விபத்துக்குப் பின் எஞ்சிய சாம்பலை ஆராயும்போது இவ்வறிவு தேவைப்படுகிறது. கருமருந்து எரிந்தால் பொட்டாசியம் கார்பனேட்டும் சல்பேட்டும் எஞ்சும். குளோரேட், பெர்குளோரேட் இரண்டும் எரிந்தபின் பொட்டாசியம் குளோரைடாகவே எஞ்சும். ஆகவே சாம்பலில் குளோரைடு மட்டும் கிடைத்தால், இவ்விரண்டுள் எது பயன்பட்டது என்று அதைக் கொண்டு கூற இயலாது. எரியாமல் சிதறிய மருந்துத் துகள்களைத் தேடி எடுத்து ஆராய்வதே வழி. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் நிகழ்ந்த வெடிவிபத்தில் 30-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இவ்வாறு பல அறைகள் தொடர்ந்து வெடிக்கும் நிகழ்வுகளில், எரியாத துகள்கள் கிடைப்பது அரிது. கலவைக்கு முன்பே மூலப்பொருளைச் சோதிப்பதன் தேவையை இது உணர்த்துகிறது.

பேரியம் தடை

2017 சூலை 31 அன்று இந்திய உச்ச நீதிமன்றம் பட்டாசில் ஆண்டிமனி, இலித்தியம், பாதரசம், ஆர்சனிக், காரீயம் ஆகியவற்றின் சேர்மங்களைத் தடை செய்தது. 2018 அக்டோபர் 23 நாளிட்ட தீர்ப்பில் பேரியம் உப்புகளும் தடை செய்யப்பட்டன. மாசு குறைந்த பசுமைப் பட்டாசுகளுக்கு அனுமதி அளிக்கப்பட்டது. 2021 அக்டோபர் 29 அன்று நீதிமன்றம் இத்தடையை வலியுறுத்தியது. 2023 செப்டம்பர் 22 அன்று, மேம்படுத்திய கலவையில் பேரியத்தை அனுமதிக்கக் கோரிய விண்ணப்பத்தை ஏற்க மறுத்தது.

பேரியம் உள்ளதா என்பதைத் தனிமப் பகுப்பாய்வே காட்டிவிடும். எனினும் அது மருந்தில் ஆக்சிசனேற்றியாகச் சேர்க்கப்பட்ட நைட்ரேட்டா, உறையின் வண்ணப்பூச்சிலோ காகிதப் பூச்சிலோ நிரப்பியாக இருக்கும் சல்பேட்டா என்பதைக் கோடுகளின் இடமே பிரித்துக் காட்டும்.

பசுமைப் பட்டாசுகளைத் தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனத்தின் ஒருங்கிணைப்பில் அறிவியல் மற்றும் தொழில்துறை ஆய்வு மன்றத்தின் ஆய்வகங்கள் உருவாக்கின. காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனமும் இவற்றுள் ஒன்று. சில கலவைகளில் சேர்க்கப்படும் சியோலைட்டு நுண்துளைகள் கொண்ட படிகப் பொருள் ஆகும். ஆகவே தூள் முறையால் அதையும் அடையாளம் காணலாம்.

மாதிரியும் பாதுகாப்பும்

தூள் முறைக்கு மாதிரி சில மைக்ரோமீட்டர் அளவுக்கு நுண்மையாக இருத்தல் நலம். உப்புகளைத் தனித்தனியே கல்வத்தில் அரைக்கலாம். ஆனால் ஆக்சிசனேற்றியும் எரிபொருளும் கலந்த மருந்தை ஒருபோதும் அரைத்தல் கூடாது, உராய்வே தீமூட்டியாகும். மருந்தை உள்ள நிலையிலேயே மில்லிகிராம் அளவில் எடுத்து, சிலிக்கன் தட்டின் மேல் மெல்லியதாகப் பரப்பி ஆராய்வர். இதற்குப் பயிற்சி பெற்றோரும் உரிய அனுமதியும் தேவை.

மருந்தை நீரில் கரைத்துப் பிரிப்பது எளிய வழி என்று தோன்றலாம். ஆயினும் கரைசலில் அயனிகள் தம் பழைய இணைகளை விட்டுவிடும். பேரியம் நைட்ரேட்டும் பொட்டாசியம் குளோரேட்டும் கரைந்த நீரை வற்றவைத்தால், தொடக்கத்தில் இல்லாத உப்புகளும் படியலாம். உலர்ந்த மருந்தை நேரடியாக ஆராயும் தூள் முறை இச்சான்றைக் குலைப்பதில்லை. மாதிரி அழியாமல் இருப்பதால் அதையே மீண்டும் சோதிக்கவும் இயலும்.

வரம்புகள்

* படிகமற்ற பொருட்கள் கூர்மையான கோடுகளைத் தருவதில்லை. கரித்தூள் அகன்ற மேடாக மட்டுமே தோன்றும். எனவே கருமருந்தின் மூன்று பொருட்களுள் இரண்டையே இம்முறை தெளிவாகக் காட்டும்.
* சில விழுக்காட்டுக்கும் குறைந்த அளவில் உள்ள பொருட்கள் தப்பிவிடலாம். பெர்குளோரேட்டில் மாசாக உள்ள சிறிதளவு குளோரேட்டைக் கண்டறிய அயனி நிறச்சாரல் பிரிகை போன்ற முறைகளே ஏற்றவை. கோடு தெரியாமை பொருள் இல்லை என்பதற்குச் சான்றாகாது.
* கம்பி மத்தாப்பில் உள்ள இரும்புத்தூள் செப்புக் கதிரை உறிஞ்சி ஒளிர்ந்து பின்னணியை உயர்த்தும். கோபால்ட் குழாய் அல்லது ஒற்றை அலைநீளமாக்கி இதைக் குறைக்கும்.
* அலுமினியப் பொடியின் தகடு போன்ற துகள்கள் ஒரே பக்கமாகப் படிவதால் சில கோடுகள் மிகைப்படும்.
* பேரியம் எக்ஸ்-கதிர்களை மிகுதியாக உறிஞ்சுவதால், அளவு மதிப்பீட்டில் திருத்தம் தேவைப்படும்.

கல்வி, ஆய்வு வசதிகள்

விருதுநகர் மாவட்டத்தில் விருதுநகர் இந்து நாடார் செந்திக்குமார நாடார் கல்லூரி (1947), சிவகாசி அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரி (1963), சிவகாசி மெப்கோ சிலெங்க் பொறியியல் கல்லூரி (1984), கிருஷ்ணன்கோவிலில் உள்ள கலசலிங்கம் பல்கலைக்கழகம் முதலிய உயர்கல்வி நிறுவனங்கள் உள்ளன. விளிம்பு விளைவுமானி விலைமிக்கது; எனவே எல்லாத் துறைகளும் அதைச் சொந்தமாக வைத்திருப்பதில்லை. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் உள்ள நவீனப் பகுப்பாய்வுக் கருவி மையம் போன்ற பொது வசதிகள், பிற நிறுவன ஆய்வாளர்களின் மாதிரிகளையும் கட்டணம் பெற்று ஆராய்ந்து தருகின்றன. வெடிக்கும் தன்மையுள்ள கலவைகளை வழக்கமான அஞ்சலிலோ தூதஞ்சலிலோ அனுப்பக் கூடாது என்பதை மாணவர்கள் கருத்தில் கொள்ள வேண்டும். கலவாத மூலப்பொருட்களை ஆராய்வது தொடக்கநிலை ஆய்வுத் திட்டங்களுக்கு ஏற்றது. எனினும் ஆக்சிசனேற்றிகளை அனுப்புவதற்கும் தனி விதிகள் உண்டு.

இவற்றையும் பார்க்கவும்

* படிகவியல்
* பிராக் விதி
* சிவகாசி
* கே. எஸ். கிருஷ்ணன்
* ஜி. என். இராமச்சந்திரன்
* கருமருந்து
* பசுமைப் பட்டாசு